மிச்ச சோப்புக்கு மாலை எதற்கு?

எங்கள் வீட்டில் சோப்பு ஒருபோதும் தீர்ந்ததில்லை. தேய்ந்து தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்ததும் அம்மா அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரத்தோடு ஒட்டிவிடுவார். ஒட்டாமல் அடம்பிடிக்கும் சில்லுகள் ஒரு பழைய டப்பாவில் சேரும். பொங்கலுக்கு வீடு கழுவும் அன்று அந்த டப்பாவில் வெந்நீர் ஊற்றிக் கரைத்தால் தரைக்கு ஆயிற்று. இதற்கு மறுசுழற்சி என்று ஒரு பெயர் உண்டென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் வந்து படம் எடுக்கவும் இல்லை.

இப்போது படம் எடுக்கிறார்கள். நட்சத்திர ஹோட்டல் அறையில் விருந்தினர் ஒரு தடவையோ இரண்டு தடவையோ தேய்த்துவிட்டுப் போன சோப்பைச் சேகரித்து, மேல்தோலைச் சுரண்டி, கிருமி நீக்கி, அரைத்து, அழுத்திப் புதுக் கட்டியாக்கி ஏழைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது உலகமெங்கும் பாராட்டப்படுகிற நற்செயல். எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே ராகத்தில் எழுதுகிறார்கள்: குப்பை குறைகிறது, குழந்தை கை கழுவுகிறது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சென்னை ஹோட்டல்களின் சோப்பையெல்லாம் திரட்டித் திருவள்ளூர் மாவட்டத்தில் எங்காவது ஓர் ஆலை போட்டால் என்ன என்று நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் கும்மிடிப்பூண்டிக்காரன் என்பதால் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: “உங்க சிப்காட்ல இடம் கிடைக்குமா?”

தொழிற்பேட்டையில் இடம் கிடைக்கும். மாங்காய்தான் விழாது. ஒன்றுகூட விழாது என்பது என் கட்சி.

அதற்கு முன் தவறான காரணத்துக்காக என் பக்கம் நிற்கிறவர்களை விலக்கிவிட வேண்டும். “அடுத்தவன் உடம்பில் தேய்த்த சோப்பா, சீ” என்று முகம் சுளிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களோடு எனக்கு உறவில்லை. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோப்புக் கட்டிகளில் ஈ.கோலை, சூடோமோனாஸ் என்ற இரு பாக்டீரியாக்களை வேண்டுமென்றே ஏற்றி 16 பேரைக் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய பிறகு ஒருவர் கையிலும் அந்தக் கிருமிகள் கண்டறியும் அளவுக்கு இல்லை. ஆய்வு செய்தவர்கள் சோப்பு கம்பெனிக்காரர்கள்தான். அதற்காகக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தாலும், நுரைத்துக் கழுவும்போது அழுக்கோடு கிருமியும் தண்ணீரில் போய்விடும் என்பது குளிக்கிற எல்லாரும் அறிந்த சங்கதி. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேர் ஒரே சோப்பில் குளித்து வளர்ந்த நாட்டில் எச்சில் சோப்பு என்ற அருவருப்பு பெரும்பாலும் ஜாதிக்குப் போட்ட சுகாதார முகமூடி. அது எனக்கு வேண்டாம்.

இந்த இயக்கத்தின் பிறப்புக் கதை உண்மையிலேயே மனத்தைத் தொடுவது. உகாண்டாவில் சோப்பு செய்கிறவர் ஒருவரின் மகன் டெரிக் கயோங்கோ. இடி அமீன் காலத்தில் குடும்பம் அகதியானது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா போய் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்குகிறார். நாள்தோறும் அறையில் புதுச் சோப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கில் எழுதிவிடுவார்களோ என்று பயந்து அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு, பழையதைக் குப்பையில் போடுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது. 2009இல் அட்லாண்டாவில் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஓர்லாண்டோவில் ஷான் சைப்ளர் என்பவர் கார் நிறுத்தும் கொட்டகையில் உருளைக்கிழங்கு சீவியால் சோப்பைச் சுரண்டி, இறைச்சி அரைக்கும் எந்திரத்தில் அரைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து தொடங்கியதுதான் ‘கிளீன் தி வேர்ல்ட்’. பின்னாளில் இரண்டும் ஒன்றாயின. கம்போடியாவில் 2014இல் சமீர் லகானி என்ற மாணவர் தொடங்கிய ‘ஈகோ-சோப் பேங்க்’, துப்புரவுப் பொருள் நிறுவனமான டைவர்சியின் ‘சோப் ஃபார் ஹோப்’, மும்பையை அடுத்த கல்வாவில் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி நடத்தப்பட்ட ‘சுந்தரா’ என்று அந்த வரிசை நீண்டது.

இவர்கள் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியின் கூடாரங்களில் ஒரு சோப்புக் கட்டி உயிரைக் காத்திருக்கும். கயோங்கோ வளர்ந்த அகதிச் சூழலில் சோப்பு என்பது வாங்க முடியாத பண்டம். அங்கே விளங்கிய மருந்தை இங்கே கொண்டுவந்து, நோய் அதுதானா என்று பார்க்காமலே புகட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

தமிழ்நாட்டில் சோப்பு இல்லாத வீட்டைக் காட்டுங்கள். பொன்னேரிச் சந்தையில், ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், செங்கல் சூளை வாசலில் உள்ள பெட்டிக் கடையில்கூடச் சின்னக் குளியல் சோப்பு தொங்குகிறது. கூலிக்காரர் கைக்கு எட்டும்படி ஷாம்புவைச் சாஷேயில் அடைத்துக் காட்டியவரே நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன்தான். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய ‘சிக்’ ஷாம்பு அந்த வழியில் நாடு முழுக்கப் போனது. (அந்தச் சாஷே வாய்க்காலை அடைத்தது வேறு கதை. அதையும் யாராவது எழுதட்டும்.) 2018இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மலம் கழித்தபின் சோப்பால் கை கழுவும் வீடுகள் நாட்டில் 74 சதவிகிதம். சாப்பிடுமுன் சோப்பால் கழுவும் வீடுகள் 36 சதவிகிதத்துக்குள். ஒரே வீடு, ஒரே சோப்பு டப்பா. காலையில் இருக்கிற சோப்பு மதியம் காணாமல் போவதில்லை. குழாயடி எவ்வளவு தூரம், குடத்தில் எவ்வளவு மிச்சம், பள்ளியில் சத்துணவு மணி அடித்ததும் நூறு பிள்ளைகளுக்கு எத்தனை குழாய் என்பதுதான் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியில் சோப்புக் கட்டியை எறிந்து பயனில்லை. அங்கே விழவேண்டியது தண்ணீர்.

தண்ணீர் என்று வந்தபின் திருவள்ளூர்க்காரன் சும்மா இருக்க முடியாது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. போதாதென்று 2020 நவம்பரில் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. ஏரி வற்றினால் நிலத்தடி. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து பல பத்தாண்டுகள் நகரம் உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் உள்ளே ஏறிவிட்டது. கிணற்று நீர் உப்பாகிப்போன அந்த வட்டாரத்திலேதான் 2010இல், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைக் காட்டுப்பள்ளியில் திறந்தார்கள். அதுவும் சென்னைக்கு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது எங்கள் விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து நீர் ஏற்றிப் போனார்கள். இரவெல்லாம் டேங்கர் லாரி ஓடிய சாலை இது.

ஒரு குளியல் தொட்டியை நிரப்ப 150 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆக ஒழுங்கு இப்படி அமைகிறது: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நகரத்து விருந்தினர் தொட்டி நிறையக் குளிப்பார். குளித்த மிச்ச சோப்பை எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பி, “கை கழுவப் பழகுங்கள்” என்று சுகாதார வகுப்பும் எடுப்பார். கொடுமைக்கு ஒரு அளவு வேண்டாமா?

யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போடும்போது கும்மிடிப்பூண்டியில் முதலில் எழுதப்படும் பெயர் இலங்கைத் தமிழர் முகாம். 2021 ஆகஸ்டில் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது. பணக்கொடையையும் உயர்த்தியது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். போதுமா என்றால் போதாது. ஆனாலும் அந்தப் பணத்தில் ஒருவர் கடைக்குப் போய் எந்தச் சவுக்காரம் என்று தானே பார்த்து வாங்குகிறார். மஞ்சள் நிறமா, வேப்பிலையா, வாசம் பிடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்து எடுக்கிறார். மனிதர் தம் உடம்பில் எதைத் தேய்ப்பது என்று தாமே முடிவு செய்வது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக எங்கே இருப்பது, எப்போது திரும்புவது என்று எதையும் தாமே முடிவு செய்ய முடியாதவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. பத்து ஹோட்டல்களின் பத்து வாசனைகள் கலந்து சாம்பல் நிறத்தில் வரும் கட்டியை அவர் கையில் திணித்து, பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்கு எந்தப் பெயரும் வைக்கலாம். உதவி என்று வைக்க எனக்கு வாய் வரவில்லை.

குழந்தை மாங்காய் போயிற்று. குப்பை மாங்காயைப் பார்ப்போம்.

திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற வழக்கம் உண்டு. வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்று நம்பிக்கை. சோப்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான், கரைந்துபோவதற்கென்றே பிறந்தது. கொழுப்பும் காரமும் சேர்ந்த சாதாரணச் சரக்கு, மண்ணில் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஹோட்டல் குளியலறையில் கரையாதது அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் 30 மில்லி குப்பிகள், பிளாஸ்டிக் உறைக்குள் சீப்பு, உறைக்குள் பல் துலக்கி, உறைக்குள் ஒரு நாள் சவரக் கத்தி. சோப்பையே சுற்றியிருக்கும் பளபளப்பு உறை. ஒரு குப்பியின் எடை சில கிராம்தான். நூறுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. உள்ளே பாதி ஷாம்பு, மூடி ஒரு பிளாஸ்டிக், உடல் வேறு பிளாஸ்டிக். எங்கள் ஊர்க் காயலான் கடைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார், இதைக் கண்டால் காலால் தள்ளுவார். அறையின் குப்பையில் எது கரையுமோ அதைக் காப்பாற்றிப் பெயர் வாங்கிக்கொண்டு, எது கரையாதோ அதைக் குப்பை லாரியில் ஏற்றுகிறோம்.

மறுசுழற்சி என்ற சொல்லுக்கு நகரத்தில் ஒரு பொருள், கும்மிடிப்பூண்டியில் இன்னொரு பொருள். நகரத்தில் அது பச்சை அம்புக்குறி. எங்களுக்கு அது பழைய இரும்பை உருக்கும் உலையின் இரவு ஓசை, பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் கொட்டகை, பழைய டயரை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளின் கரி. மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைக் கேட்டால் சொல்லும். பல மாவட்டத்துத் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவு வந்து புதையும் நிலமும் எங்கள் சிப்காட் வளாகத்தில்தான் இருக்கிறது. சோப்பை அரைப்பதில் அப்படியொன்றும் விஷமில்லை, மிகைப்படுத்தவில்லை. ஆனாலும் ‘மறுசுழற்சி ஆலை’ என்றதும் கைதட்டுகிற பழக்கத்தை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். யார் பயன்படுத்தியது யார் வாசலுக்கு வருகிறது என்று முதலில் கேட்போம். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளே ஒரு வரிசை சொல்கின்றன: உண்டாகாமல் தடுப்பது, குறைப்பது, திரும்பப் பயன்படுத்துவது, அதன் பிறகுதான் மறுசுழற்சி. நான்காவது இடம். சோப்புக்கென்று எழுதிய விதியல்ல, ஆனால் வரிசை எல்லாக் குப்பைக்கும் பொருந்தும். நான்காவது படியில் நிற்கிறவருக்கு முதல் படியின் மாலையைப் போடுகிறோம்.

முதல் படி என்ன பெரிய மர்மமா? சுவரில் பூட்டு வைத்த ஒரு பெரிய குடுவை. அழுத்தினால் திரவ சோப்பு வரும். அறைக்கு வந்தவர் எவ்வளவு பயன்படுத்துகிறாரோ அவ்வளவுதான் செலவு, மிச்சம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 2019இல் ஐ.எச்.ஜி., மாரியட் என்ற இரண்டு பெரிய குழுமங்கள் சின்னக் குப்பிகளை விட்டுவிடப் போவதாக அறிவித்தன. மாரியட்டின் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 50 கோடிக் குப்பிகள். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமே போட்டது. 50 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல்களுக்கு 2023இலும் மற்றவற்றுக்கு 2024இலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்த மாநிலம். பூக்காரம்மாவின் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கத் தெரிந்த அதிகாரத்துக்கு ஹோட்டல் குளியலறையின் கதவு தெரியவில்லை. ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்த பட்டியலில் காது குடையும் குச்சி இருக்கிறது, ஐஸ்கிரீம் குச்சி இருக்கிறது. 30 மில்லி குப்பி இல்லை.

ஹோட்டல்காரர்கள் பதில் சொல்வார்கள். “விருந்தாளி புதுச் சோப்பை உறையோடு எதிர்பார்க்கிறார், சுவரில் குடுவை மாட்டினால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்கிறார்.” இருக்கலாம். திருத்தணியில் கிருத்திகைக்கு அறை எடுக்கிற குடும்பமும், ஸ்ரீசிட்டி தொழில் நகருக்கு வேலையாக வந்து எங்கள் ஊரில் தங்குகிற கொரியப் பொறியாளரும் அறைக்குள் நுழைந்ததும் குளியலறையைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கட்டி சோப்புதான் வேண்டுமென்றால், கேட்டவருக்குக் கொடுங்கள். மூன்று நாள் தங்குகிறவருக்கு மூன்று சோப்பு வைக்காமல் ஒன்று வையுங்கள். எந்த எந்திரமும் வேண்டாத சீர்திருத்தம் இது. செய்தால் அறிக்கையில் படம் போட ஒன்றும் கிடைக்காது என்பதுதான் இதன் ஒரே குறை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். நூறு அறை ஹோட்டல், எழுபது அறை நிரம்பியிருக்கிறது, 20 கிராம் சோப்பில் 15 கிராம் மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒரு கிலோ, மாதம் 30 கிலோ. பத்து ஹோட்டல் சேர்ந்தால் 300. சுரண்டியதும் ஈரம் போனதும் கழித்தால் 240. அதை 150 கிராம் துணி சோப்பாக அடித்தால் 1,600 கட்டி. கட்டி பத்து ரூபாய்க்கு விற்றால் 16,000 ரூபாய். ஒரு ஆள் சம்பளத்துக்கும் வண்டி வாடகைக்கும் இழுபறி. நண்பர்கள் கனவு காணும் ஆலைக்கு இதில் கரி கூட வாங்க முடியாது. காக்களூர் தொழிற்பேட்டையின் ஓரத்தில் ஒரு கொட்டகையும், சோப்புத் தொழிலில் வெட்டு மிச்சத்தை மறுபடி அழுத்திப் பழகிய ஒருவரும் போதும். துணி சோப்பு என்றது காரணத்தோடுதான். குளியல் சோப்பு 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அழகுப்பொருள். விற்பதற்கானாலும் விநியோகிப்பதற்கானாலும் தயாரிக்க உரிமம் வேண்டும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி என்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது என்று உறையில் அச்சிட வேண்டும். பத்து ஹோட்டல் சோப்பைக் கலந்தவர் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எதை அச்சிடுவார்? முதல் தரக் குளியல் சோப்பில் கொழுப்புப் பொருள் 76 சதவிகிதம் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. இந்தக் கலவைக்குத் தரம் சொல்ல யாராலும் முடியாது. ஏழைப் பிள்ளையின் தோல் என்றதும் இந்தக் கேள்விகள் எல்லாம் ஏன் மறந்துபோகின்றன?

ஆகவே மிஞ்சுவதைத் தொழிலாகச் செய்யுங்கள். சம்பளம் கொடுங்கள், விலை வைத்து விற்றுப் பாருங்கள். கல்வாவில் நடந்ததில் நான் மதிப்பது அங்கே பெண்களுக்குக் கிடைத்த சம்பளத்தைத்தான்.

நம்மில் பலர் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது பிரிக்காத சோப்பையும் பிரித்த சோப்பையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறோம். மனைவி சிரிப்பாள், பிள்ளைகள் கூசுவார்கள். ஆனால் வண்டி வேண்டாம், எந்திரம் வேண்டாம், சோப்பு கடைசிவரை கரைகிறது. இதைவிட ஒழுங்கான மறுசுழற்சி இந்த விஷயத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்தச் சலுகை இல்லாதவர் ஒருவர் உண்டு. விடியற்காலை கும்மிடிப்பூண்டியிலிருந்தோ பொன்னேரியிலிருந்தோ மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், பகல் முழுக்க அறை அறையாக அந்தச் சோப்புகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போடுகிறவர். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பல ஹோட்டல்களில் பின்வாசலில் அவர் பையைத் திறந்து காட்டவேண்டும். அதில் இரண்டு மிச்ச சோப்பு இருந்தால் அது திருட்டு, வேலை போகும். அதே இரண்டு சோப்பு சுரண்டி, அரைத்து, ரிப்பன் கட்டி, வண்டியில் 45 கிலோமீட்டர் வந்து, அவர் பிள்ளை படிக்கும் பள்ளியில் மேடை போட்டுக் கொடுத்தால் தர்மம். எனக்கு ஆலைக்கு இடம் பார்த்துத் தரச் சொன்ன நண்பர்களிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன்: நீங்கள் அடுத்த முறை தங்கும் ஹோட்டலில் மேனேஜரைக் கூப்பிட்டு, அந்தப் பின்வாசலில் பையைத் திறக்கச் சொல்வதை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள்.

ஒருவரும் இன்னும் கேட்டுச் சொல்லவில்லை.